லாரி ஹோம்ஸைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள்?

திருச்சி வாசகன்:

சில மாதங்களாகத்தான் குத்துச்சண்டையை ஆர்வத்தோடு பார்த்து வருகிறேன். அலியின் முக்கியமான சண்டைகளைப் பார்த்து முடித்துவிட்டு நேராக டைசனுக்குத் தாவினேன். இருவருக்கும் நடுவில் லாரி ஹோம்ஸ் என்று ஒருவர் இருந்திருக்கிறார். 1978 முதல் 1985 வரை ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஹெவிவெயிட் சாம்பியன், முதல் 48 சண்டைகளில் தோல்வியே கிடையாது என்று படித்தபோது வியப்பாக இருந்தது. ஆனால் யூடியூபில் அவர் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பது 1988இல் டைசனிடம் அவர் விழுந்த காட்சிதான். நண்பர்களைக் கேட்டால், "அலிக்கு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) கொடுத்தவர், பிறகு உடம்பு முடியாத அலியையே அடித்தவர்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள்.

ஏழு ஆண்டு பட்டத்தை வைத்திருந்தவரை இப்படி ஒதுக்கிவிடுவது நியாயமா? உண்மையிலேயே அவர் எந்த அளவுக்குச் சிறந்தவர்? அவருடைய எந்தச் சண்டைகளைப் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணிக்கூண்டு:

உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஃபோர்மன் 1977இல் விலகிப் போதகராகிவிட்டார். ஃப்ரேசியர் ஓய்ந்துபோயிருந்தார். அலி தளர்ந்துவிட்டார். அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்தவர் ஹோம்ஸ். அவர் கையில் இருந்தது டபிள்யூ.பி.சி. என்ற குத்துச்சண்டை அமைப்பின் பட்டம். அவர் காலத்தில் எதிர் அமைப்பான டபிள்யூ.பி.ஏ.வின் பட்டம் டேட், வீவர், டோக்ஸ், கோட்சீ என்று கைமாறிக்கொண்டே இருந்தது. அந்தப் பட்டம் அவர்கள் கையில் இருந்தபோது அவர்களில் ஒருவரோடும் ஹோம்ஸ் மோதவில்லை. கிரெக் பேஜோடு மோத வேண்டும் என்று டபிள்யூ.பி.சி. வற்புறுத்தியபோது, 1983 டிசம்பரில் அந்தப் பட்டத்தையே விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கப்பட்ட ஐ.பி.எஃப். அமைப்பின் சாம்பியனாகிக்கொண்டார். அதே ஆண்டு டிம் விதர்ஸ்பூனோடு நடந்த சண்டையில் உண்மையில் வென்றது விதர்ஸ்பூன்தான் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. நல்ல வீரர் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஜோ லூயிஸ், அலி வரிசையில் அவரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இடதுகை:

திருச்சித் தம்பிக்கு,

பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் குத்துச்சண்டை கற்றுக்கொடுக்கிறேன். இடது கையை நீட்டச் சொல்லித் தரும் கட்டம் வந்தால் நான் அலியையோ டைசனையோ போட்டுக் காட்டுவதில்லை. ஹோம்ஸைத்தான் காட்டுவேன். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜியா மாநிலத்தின் கத்பர்ட் ஊரில் 1949இல் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வீடு. குடும்பம் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கார் கழுவும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1972 ஒலிம்பிக் தேர்வுச் சண்டையில் டுவான் பாபிக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டே இருந்ததற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டுத் தோற்றார். நெஞ்சுரம் இல்லாதவன் என்ற பேச்சு அன்றிலிருந்தே அவரைத் துரத்தியது. அடுத்த ஆண்டு ஸ்க்ரான்டனில் ஆடிய முதல் தொழில்முறைச் சண்டைக்குக் கிடைத்த பணம் 63 டாலர்.

அலியின் ஸ்பாரிங் பார்ட்னர் என்று அவரைக் குறைவாகச் சொல்கிறார்களே, அந்த வேலை என்ன என்று நினைத்துப் பாருங்கள். பென்சில்வேனியாவில் டீர் லேக் என்ற இடத்தில் அலியின் முகாம். அங்கே நாள்தோறும் அலியின் கைகளுக்கு எதிரே நிற்க வேண்டும். ஒருமுறை அலி குத்தியதில் ஹோம்ஸின் கண் கறுத்துவிட்டது. ஐஸ் வைக்க வந்தவர்களை அவர் தடுத்துவிட்டார். அலி கொடுத்த அந்தக் கறுப்புக் கண்ணை ஊரில் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை! ஃப்ரேசியருக்கும், ஹெவிவெயிட்டில் மிகக் கடுமையாகக் குத்துபவர் என்று பெயரெடுத்த எர்னி ஷேவர்ஸுக்கும்கூட அவர் ஸ்பாரிங் கொடுத்திருக்கிறார். இப்படிப்பட்ட மூன்று பேரிடம் பாடம் கேட்கும் வாய்ப்பு வேறு யாருக்குக் கிடைத்தது? 1975இல் மணிலாவில் அலியும் ஃப்ரேசியரும் மூன்றாம் முறை மோதிய அதே நாளில், அதே மேடையில் ஹோம்ஸுக்கும் ஒரு சண்டை இருந்தது. எதிரே நின்றவர் டுவானின் சகோதரர் ராட்னி பாபிக். ஆறாம் சுற்றில் ஹோம்ஸ் கதையை முடித்தார்.

இனி அவருடைய ஜாப், அதாவது இடது கையை நேராக நீட்டிக் குத்தும் குத்து. இடது கையைக் கன்னத்தை ஒட்டி வைக்கும்படிதான் எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வோம். ஹோம்ஸ் அதை இடுப்பின் பக்கம் தாழ்த்தி வைத்திருப்பார். எதிராளி அவர் முகத்தையும் தோளையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது முஷ்டி பார்வைக்குக் கீழிருந்து ஏறி வரும். கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் அது வாயில் பட்டிருக்கும். கை கிளம்பும் அதே நொடியில் இடது பாதமும் முன்னே விழும். அதனால் குத்தில் தோளின் வேகத்தோடு உடம்பின் எடையும் சேரும். படும் இடத்தில் மணிக்கட்டு உள்பக்கமாகத் திரும்பும். பிறகு போன வழியிலேயே கை திரும்பி வரும். இது முக்கியம். பிள்ளைகள் குத்திவிட்டுக் கையைக் கீழே போட்டுவிடுவார்கள். எதிராளியின் வலது கை உள்ளே நுழைவது அந்த இடைவெளியில்தான். ஹோம்ஸோ திரும்பி வரும் கையைப் பாதி வழியிலேயே நிறுத்தி மறுபடி செலுத்துவார். ஒன்று, இரண்டு, சில நேரம் மூன்று. கைகளை விரித்தால் 81 அங்குலம். அடுத்ததும் இடதுதான் என்று எதிராளி தலையை ஒதுக்கும் பக்கத்தில் வலது கை நேர்க்கோட்டில் வந்து இறங்கும்.

முதலில் 1978 ஜூன் 9 அன்று லாஸ் வேகஸில், அப்போது டபிள்யூ.பி.சி. சாம்பியனாக இருந்த கென் நார்டனோடு நடந்த சண்டையைப் பாருங்கள். சில நாட்களுக்கு முன் பயிற்சியில் ஹோம்ஸின் இடது கைத் தசை கிழிந்திருந்தது. அவருடைய பிழைப்பே அந்தக் கைதான். அதை வெளியே சொல்லாமல் ஏறினார். தொடக்கச் சுற்றுகளில் ஜாப்பாலேயே நார்டனைத் தள்ளி வைத்தார். நடுச் சுற்றுகளில் நார்டன் உள்ளே புகுந்து விலாவிலும் தலையிலும் அடித்துக் கணக்கைச் சரிசெய்தார். பதினைந்தாம் சுற்றுக்கு மணி அடித்தபோது இருவருக்கும் கால் நிற்கவில்லை. அந்த மூன்று நிமிடங்களில் தற்காப்பு என்பதே இல்லை. ஒருவர் அடித்து நிறுத்தும் இடத்தில் மற்றவர் தொடங்குகிறார். கடைசி மணி வரை ஓயவில்லை. மூன்று நடுவர்களின் புள்ளித் தாளிலும் 143-142. இருவர் ஹோம்ஸுக்கு, ஒருவர் நார்டனுக்கு. அந்த ஒரு சுற்றைத் தோற்றிருந்தால் இன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் ஹோம்ஸே இல்லை. நெஞ்சுரம் இல்லாதவன் என்று சொன்னவர்களுக்கு அதைவிட என்ன பதில் வேண்டும்?

அடுத்தது 1979 செப்டம்பரில் ஷேவர்ஸோடு நடந்த இரண்டாம் சண்டை. ஏழாம் சுற்றில் ஷேவர்ஸின் வலது கை தலைக்கு மேலாகச் சுழன்று வந்து தாடையில் இறங்கியது. ஹோம்ஸ் அப்படியே மல்லாந்து விழுந்தார். அந்தக் குத்துக்கு எழுந்து நின்ற ஆட்கள் குறைவு. ஹோம்ஸ் எழுந்தார். எழுந்ததோடு, கண் தெளிவதற்குள் பாய்ந்து வந்த ஷேவர்ஸைக் கட்டியும் விலகியும் திருப்பி அடித்தும் மணி வரை தாக்குப்பிடித்தார். பிள்ளைகளிடம் நான் இந்த இடத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுவேன். கால் தள்ளாடுகிறது, ஆனாலும் கை தன் வேலையை மறக்கவில்லை. பதினோராம் சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார், ஷேவர்ஸைக் காப்பாற்ற. 1981இல் பிட்ஸ்பர்க்கில் ரெனால்டோ ஸ்னைப்ஸோடும் கிட்டத்தட்ட இதே கதை. ஏழில் விழுந்தார், பதினொன்றில் வென்றார்.

மணிக்கூண்டு அவர்களே, பேஜ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பணத் தகராறுதான் காரணம் என்றாலும் அந்தச் சண்டை நடந்திருக்க வேண்டும். ஆனால் பலவீனமான காலம் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஹோம்ஸ் பட்டத்தோடு இருந்தபோது தோற்கடித்தவர்களில் மைக் வீவர், ட்ரெவர் பெர்பிக், டிம் விதர்ஸ்பூன், ஜேம்ஸ் 'போன்க்ரஷர்' ஸ்மித் ஆகிய நான்கு பேரும் பிற்பாடு சாம்பியன் ஆனார்கள். வீவரை டபிள்யூ.பி.ஏ. சாம்பியனாகச் சந்திக்கவில்லை என்கிறீர்கள். அவர் சாம்பியன் ஆவதற்கு முந்தைய ஆண்டே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பன்னிரண்டாம் சுற்றில் ஹோம்ஸ் அவரை வீழ்த்தியாகிவிட்டது. கோட்சீயோடு 1984இல் ஒப்பந்தம் பேசப்பட்டு நின்றுபோனதற்கும் ஹோம்ஸ் ஒருவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பட்டத்தைத் தொடர்ந்து 20 முறை காத்தவர் அவர். ஹெவிவெயிட்டில் ஜோ லூயிஸின் 25க்கு அடுத்த எண் அது.

கடலூர் வாசகி:

மேலே எழுதியவர் அலி சண்டையைத் தொடாமல் போய்விட்டார். எங்கள் வீட்டில் அலி என்றால் உயிர். என் தந்தை அந்தச் சண்டையைப் பற்றிப் பேசவே மாட்டார். நானும் ஒருமுறை போட்டுப் பார்த்து, ஒன்பதாம் சுற்றில் நிறுத்திவிட்டேன். தன்னை வளர்த்துவிட்ட மனிதரை அப்படி அடிக்க ஹோம்ஸுக்கு எப்படி மனம் வந்தது என்ற கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. அதை வைத்துத்தான் பலருக்கும் அவரைப் பிடிக்காமல் போயிருக்க வேண்டும்.

இடதுகை:

அம்மா, உங்கள் தந்தையின் மனநிலை எனக்குப் புரிகிறது. தொடாமல் போனதற்குக் காரணம், அது ஹோம்ஸின் திறமைக்குச் சான்றாகக் காட்ட வேண்டிய சண்டை இல்லை என்பதுதான். ஆனால் பழியை ஹோம்ஸ் தலையில் வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

1980 அக்டோபர் 2. அலிக்கு வயது 38, ஹோம்ஸுக்கு 30. இரண்டு ஆண்டு ஓய்வுக்குப் பிறகு அலி திரும்பி வந்தார். எடை குறைந்து பார்வைக்கு இளமையாகத் தெரிந்தார், ஆனால் தைராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த உடம்பு அது. வியர்வை வரவில்லை, கால் நகரவில்லை. அப்படிப்பட்டவருக்கு உரிமம் கொடுத்தது நெவாடா ஆணையம். சண்டையை ஏற்பாடு செய்தவர்கள், பணம் போட்டவர்கள், சுற்றி நின்று கை தட்டியவர்கள் எத்தனையோ பேர். இவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்ள, எதிரே நின்றவர் மட்டும் குற்றவாளி ஆகிவிட்டார்.

நீங்கள் நிறுத்திய இடத்துக்குப் பிறகு இன்னும் ஒரு சுற்றுதான். முடிந்தால் ஹோம்ஸின் முகத்தை மட்டும் பாருங்கள். அடித்துவிட்டுப் பின்வாங்குகிறார். நடுவரைத் திரும்பிப் பார்க்கிறார், நிறுத்துங்கள் என்பதுபோல. முழு வலுவோடு வலது கையை இறக்க வாய்ப்பிருந்த எத்தனையோ இடங்களில் அதை அவர் செய்யவில்லை. பத்துச் சுற்றுகளையும் மூன்று நடுவர்களும் ஹோம்ஸுக்கே கொடுத்திருந்தார்கள். பத்தாவது முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டிதான் போதும் என்றார். வென்ற ஹோம்ஸ் அழுதார். அலியின் அறைக்கே போய்ப் பார்த்தார். அத்தனைக்கும் பிறகும் 1981 டிசம்பரில் பஹாமாஸில் பெர்பிக்கோடு அலி இன்னொரு சண்டை ஆடினார். அதையும் தடுக்க ஒருவரும் இல்லை.

தோற்றிருந்தால் ஹோம்ஸ் ஒன்றுமில்லாதவர், வென்றதால் கல்நெஞ்சர். மக்கள் நேசித்த ஒருவருக்கு அடுத்து வருகிறவனுக்கு நேரும் துயரம் இது. 1982இல் ஜெர்ரி கூனி சண்டையிலும் இதுதான் வேறு வடிவத்தில் நடந்தது. கூனி வெள்ளையர் என்பதால் அந்தச் சண்டையே நிறத்தின் பெயரால் விற்கப்பட்டது. டைம் இதழ் அட்டையில் கூனி வந்தார், சாம்பியன் வரவில்லை. சாம்பியனைத்தான் கடைசியில் அறிவிப்பது மரபு. அன்று ஹோம்ஸை முதலில் அறிவித்தார்கள். மிரட்டல்கள் இருந்ததால் சுற்றியிருந்த கட்டடங்களின் கூரைமேல் துப்பாக்கியோடு காவலர்கள் நின்றார்கள். இத்தனையையும் சுமந்துகொண்டு அவர் இரண்டாம் சுற்றில் கூனியை வீழ்த்தினார், பதின்மூன்றாம் சுற்றில் சண்டையை முடித்தார். பின்னாளில் இருவரும் நல்ல நண்பர்கள் ஆனார்கள் என்பது ஒரு நிறைவு.

திருச்சி வாசகன்:

மிக்க நன்றி ஐயா. நார்டன் சண்டையின் பதினைந்தாம் சுற்றை நேற்றிரவே பார்த்துவிட்டேன், உறக்கம் வரவில்லை. இன்னொன்று கேட்க வேண்டும். ராக்கி மார்சியானோவைப் பற்றி ஏதோ தவறாகப் பேசியதால்தான் ஹோம்ஸின் பெயர் கெட்டது என்கிறார்களே, அது என்ன? டைசன் சண்டையையும் எப்படிப் பார்ப்பது?

இடதுகை:

மார்சியானோ 49 சண்டைகளில் 49 வெற்றியோடு ஓய்வு பெற்ற பழைய ஹெவிவெயிட் சாம்பியன். ஹோம்ஸ் 48இல் நின்றார். 49ஆவது சண்டை 1985 செப்டம்பர் 21இல், மார்சியானோ தன் கடைசிச் சண்டையை ஆடி சரியாக முப்பது ஆண்டு நிறைந்த நாளில். எதிராளி மைக்கேல் ஸ்பின்க்ஸ், கீழ் எடைப்பிரிவான லைட் ஹெவிவெயிட்டின் சாம்பியன். அந்தப் பிரிவின் சாம்பியன் யாரும் அதற்கு முன் ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்ததில்லை. ஹோம்ஸுக்கு வயது 36ஐ நெருங்கிவிட்டது. ஸ்பின்க்ஸ் விநோதமான கோணங்களில் வந்து வந்து குத்திவிட்டு விலகினார், ஹோம்ஸின் வலது கை கிளம்பவே தயங்கியது. பதினைந்து சுற்று முடிவில் ஹோம்ஸ் தோற்றார். இரண்டு நடுவர்களின் தாளில் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி.

மார்சியானோவின் குடும்பத்தார் அரங்கத்தில் இருந்தார்கள். பல நாட்களாகச் செய்தியாளர்கள் அந்த 49ஐச் சொல்லிச் சொல்லியே கேள்வி கேட்டு ஹோம்ஸைக் குடைந்திருந்தார்கள். செய்தியாளர் கூட்டத்தில் பொறுமையிழந்து, மறைந்த மார்சியானோவை மட்டமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. பிறகு மன்னிப்பும் கேட்டார். ஏழு ஆண்டு உழைப்பைவிட அந்த ஒரு நிமிடம் ஊர் வாயில் அதிகம் நின்றதுதான் எனக்கு ஆறாத வருத்தம். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஸ்பின்க்ஸோடு மறுசண்டை. ஒரு நடுவர் ஹோம்ஸுக்கும் இருவர் ஸ்பின்க்ஸுக்கும் கொடுத்தார்கள். அதில் ஹோம்ஸே வென்றார் என்பது என் உறுதியான கருத்து, முழுதாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

டைசன் சண்டை அதற்கு 21 மாதம் கழித்து, 1988 ஜனவரியில். இடையில் ஒரு சண்டைகூட ஆடவில்லை. வயது 38, எதிரே 21 வயது டைசன். நான்காம் சுற்றின் தொடக்கத்தை மட்டும் கவனியுங்கள். ஹோம்ஸ் திடீரென்று கால் விரல்களில் எழுந்து, வட்டமிட்டு, பழைய ஜாப்பை அனுப்புகிறார். சிறிது நேரம் டைசனால் கிட்டே வர முடியவில்லை. பிறகு டைசனின் வலது கை வந்துவிடுகிறது. 75 சண்டைகளில் ஹோம்ஸைப் பாதியில் நிறுத்த முடிந்தது அன்றைக்கு மட்டும்தான்.

கதை அங்கே முடியவும் இல்லை. 1992 பிப்ரவரியில், 42 வயதில், ஒலிம்பிக் தங்கம் வென்றவரும் அதுவரை தோல்வியே காணாதவருமான ரே மெர்சரோடு அட்லாண்டிக் சிட்டியில் மோதினார். எல்லோரும் மெர்சர் வெல்வார் என்றார்கள். ஹோம்ஸ் கயிற்றில் சாய்ந்து நின்று, மெர்சர் விடும் குத்துகளைத் தோளிலும் முன்கையிலும் வாங்கி வழியவிட்டு, இடையிலேயே கேமராவைப் பார்த்துப் பேசவும் செய்தார்! பன்னிரண்டு சுற்றில் தெளிவான வெற்றி. நான்கே மாதத்தில் ஹோலிஃபீல்டோடு பட்டச் சண்டை, புள்ளிகளில் தோல்வி. 1995இல் 45 வயதில் ஆலிவர் மெக்காலோடு மறுபடி பட்டச் சண்டை, அதையும் சொற்பப் புள்ளிகளில்தான் இழந்தார். கடைசியாக 2002இல், 52 வயதில் ஒரு வெற்றியோடு கையுறையைக் கழற்றினார். 69 வெற்றி, அவற்றில் 44 நாக் அவுட், 6 தோல்வி. சம்பாதித்ததை ஈஸ்டனிலேயே கட்டடங்களிலும் தொழிலிலும் போட்டார். அந்த ஊரில் டெலவேர் ஆற்றை ஒட்டிய சாலைக்கு அவர் பெயர், 2015இல் சிலையும் வைத்தார்கள். இந்தத் தொழிலில் கோடிகளைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு நின்றவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

மணிக்கூண்டு:

மெர்சர் சண்டையை மறந்தே போயிருந்தேன், நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் பேஜ், கோட்சீ இருவரையும் அவர் சந்திக்காதது அவர் பட்டியலில் ஒரு ஓட்டைதான். அதில் நான் மாறவில்லை. முதல் பத்தில் வைப்பேன், முதல் ஐந்தில் வைக்க மாட்டேன்.

இடதுகை:

முதல் ஐந்தில் வைப்பேன் நான், அதில் நானும் மாறப்போவதில்லை.

தம்பி, ஒரு வேண்டுகோள். சுருக்கித் தொகுத்த காணொளிகளில் ஹோம்ஸைத் தேடாதீர்கள். தொகுப்பவர்கள் ஆள் விழும் இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஜாப்புகளை வெட்டிவிடுகிறார்கள். ஷேவர்ஸ் சண்டையில் நீங்கள் பார்க்க வேண்டியது எட்டு முதல் பத்து வரையான சுற்றுகள். அவை எந்தத் தொகுப்பிலும் இருக்காது. முழுப் பதிவையும் தேடிப் பாருங்கள். ஒலியை அணைத்துவிட்டு இடது பாதத்தை மட்டும் பாருங்கள். அது விழும்போதெல்லாம் ஷேவர்ஸின் தலை பின்னால் போகும். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், கூனி சண்டைக்குப் போகலாம்.